கழுதைகளின் வெள்ளிக்கிழமை

யாழ்ப்பாணத்தில் நூலகத்தை எரித்த கோடை அது. அதே கோடையில் லண்டனில் இளவரசருக்குக் கலியாணம் நடந்தது. நாடு முழுக்க லீவு. இங்கிலாந்தின் ஒரு கடற்கரை ஊரில், விடுதிக் குசினியில் நின்ற எங்கள் ஐந்து பேருக்கு மட்டும் அன்று இரட்டை வேலை. ஐவரில் மூத்தவர் தம்பிராசா அண்ணை. அவர் இந்த நாட்டில், டோர்செட் பார்க்கில் செத்துப்போனார் என்று அவருடைய மகன் போன் எடுத்துச் சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. முப்பத்தோராம் நாள் மண்டபத்தில் கொடுத்த, அவருடைய சரித்திரத்தை அச்சடித்த கல்வெட்டுப் புத்தகத்தை என் மகள் வாசித்துக் காட்டியபோது கோபம் வந்தது. இன்னும் அடங்கவில்லை.

'வெள்ளிதோறும் வேலை துறந்து அம்பாளைத் தொழுத பக்தர்' என்று அதில் போட்டிருக்கிறார்கள். அண்ணை வெள்ளிக்கிழமை மீன் பொரித்துச் சாப்பிட்டவர். பக்கத்தில் இருந்து நானும் சாப்பிட்டிருக்கிறேன். றிச்மண்ட் ஹில் கோயிலுக்கு அவர் போனது யாருக்காவது கலியாணம் என்றால்தான்.

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்ல மகள் எழுதுகிறாள். அவரோடு சீட்டு விளையாடினவர்கள், வேலை செய்தவர்கள் எல்லாரும் கேளுங்கள்.

எங்கள் குசினி நிலத்துக்குக் கீழே. மேலே ஒரு சின்ன யன்னல். கடலைப் பார்க்க வந்த சனத்தின் சப்பாத்துகளும், கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றி நடக்கிற கழுதைகளின் குளம்புகளும் அதில் தெரியும். கடலை நாங்கள் கண்டது குப்பை கொட்டப் போகும்போதுதான். விடிய எழும்பி முட்டை பொரிப்போம், மத்தியானம் படுக்கை விரிப்புகளில் இருந்து மணல் உதறுவோம், பிறகு இரவுச் சாப்பாடு. கிழமையில் ஏழு நாளும். எனக்குக் கலண்டர் வாசிக்கத் தெரியாது. கழுதைகளின் மணிச் சத்தம் கேட்காத நாள் வெள்ளிக்கிழமை என்று அறிந்து வைத்திருந்தேன். அந்த ஊர்ச் சட்டப்படி கழுதைகளுக்கு வெள்ளி லீவு. மத்தியானம் ஒரு மணித்தியாலம் ஓய்வும் உண்டு. குளம்பு பார்க்க ஒரு உத்தியோகத்தர் வந்து போவார். எங்கள் கால்களை ஒருவரும் பார்க்கவில்லை.

இளவரசரின் கலியாணத்துக்கு அடுத்த கிழமை அண்ணையின் மனைவி, எங்களுக்கு அக்கா, கொழும்பில் இருந்து வந்து இறங்க இருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை. புருசன் வந்து பொறுப்பெடுக்காவிட்டால் அடுத்த பிளேனில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று லண்டனில் இருந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். அண்ணை லீவு கேட்டார். சீசன் முடியட்டும் என்றான் முதலாளி. அன்றிரவு நாங்கள் ஐந்து பேரும் பேசி வைத்தோம்: அண்ணைக்கு லீவு இல்லையென்றால் வெள்ளி காலை ஒருவரும் அடுப்பு மூட்டுவதில்லை.

வியாழன் பின்னேரம் அண்ணை குசினியில் வைத்து முதலாளியிடம் இங்கிலீசில் சொன்னார். பிறகு எங்களுக்கும் விளங்கவேண்டும் என்று தமிழில் சொன்னார்: "கழுதைக்கு நாளைக்கு லீவு. என்ரை மனிசி நாளைக்கு வந்து இறங்கிறா. கழுதையிலும் கீழோ நாங்கள்?"

முதலாளி கத்தவில்லை. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்து, நீயும் இவனோடு சேர்ந்தவனா என்று கேட்டான். எனக்கு அப்போது தெரிந்த இங்கிலீஸ் சொற்கள் கொஞ்சம். அதில் ஒன்று 'நோ'. அன்றைக்கு அதைத் திருத்தமாகச் சொன்னேன்.

அண்ணை எங்களை ஏசவில்லை. ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் போனார். அக்காவை விமான நிலையத்தில் பல மணித்தியாலம் இருத்தி வைத்திருந்தார்களாம். அண்ணை போய் நின்ற பிறகுதான் விட்டார்கள். அவர் திரும்பி வரவில்லை. வெள்ளி காலை நாங்கள் நாலு பேரும் முட்டை பொரித்தோம்.

பல வருசம் கழித்து, நானும் இங்கிலாந்தை விட்டு இந்த நாட்டுக்கு வந்த பிறகு, சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் கட்டடத்தில் எலிவேற்றர் கதவு திறக்க, உள்ளே அண்ணை. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அவர் சிரித்தார். "டேய் கந்தசாமி, வெள்ளிக்கிழமை நான் வேலைக்குப் போறேல்லை, தெரியுமோ?" என்றார். எந்த வேலைக்குப் போனாலும் முதல் பேச்சே அதுவாம். சனி, ஞாயிறு எவ்வளவும் செய்வார். முதலாளிமார் விட்டார்களா என்று கேட்டேன்.

"சாமிக்கோ எண்டு கேப்பாங்கள். ஓம் எண்டுவன். கழுதைக்கு எண்டு சொன்னா விளங்குமே அவங்களுக்கு?"

ஆமென்று தலையாட்டின அந்த 'ஓம்'தான் இப்போது கல்வெட்டில் ஏறி நிற்கிறது. மண்டபத்தில் அவருடைய மகனைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். "அப்பா ஒருநாளும் இதைச் சொல்லேல்லையே. கழுதைக் கதையெல்லாம் கல்வெட்டிலை போடேலாது அங்கிள்" என்றான். நல்ல பிள்ளை. ஆனால் தகப்பன் ஏன் சொல்லவில்லை என்று அவன் கேட்கவில்லை. சொன்னால் எங்களையும் சொல்லவேண்டி வரும். இந்த ஊரில் நாங்கள் அவர் முன்னால் தலை நிமிர்ந்து நடக்கட்டும் என்று அவர் வாயை மூடிக்கொண்டார். அதற்குக் கல்வெட்டு அடித்த நீங்கள் கொடுத்த கூலி, அவருடைய கோபத்தைப் பிடுங்கிவிட்டுக் கையில் பூத்தட்டைக் கொடுத்தது.

அவரிடம் இருந்து நான் வைத்திருப்பது 'கழுதையிலும் கீழோ நாங்கள்' என்ற அந்த ஒரு கேள்வி. அதற்கு நான் சொன்ன பதிலும் என்னிடம்தான் இருக்கிறது. அக்கா போய் ஆறு வருசம். அன்று குசினியில் 'நோ' சொன்ன நாலு பேரில் மூன்று பேரும் போய்விட்டார்கள். மிச்சம் ஒருவன் இருக்கிறான். சின்னத்தம்பி மகன் கந்தசாமி.