முன் சீட்டில் போனவர்

மாத்தளைக்கு என் கணவர் மேயராக இருந்த வருஷங்களில் அவரை நான் அதிகமாகப் பார்த்தது மேடையில்தான். அவர் மேலே, வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலியில் இருப்பார். நான் கீழே, முதல் வரிசையில், பெண்கள் பக்கத்து ஓரத்தில் இருப்பேன். மேயர் மனைவிக்கு அந்த ஓர நாற்காலியை எல்லா விழாக்காரர்களும் மறக்காமல் ஒதுக்கி வைப்பார்கள். மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. பக்கத்தில் புருஷன் இல்லை, அவ்வளவுதான்.

அதற்கு முன்பு அவர் ஹார்ட்வெயர் கடைக்காரர். ஞாயிற்றுக்கிழமை பகல் கடையைப் பூட்டியதும் நாங்கள் இருவரும் கண்டி ரயிலில் ஏறுவோம். கண்டியில் ஒரு வேலையும் இருக்காது. ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்பி வருவோம். தோள் இடிக்க உட்கார்ந்து, பேப்பரில் சுற்றிய கடலை வடையைப் பங்குபோட்டுக்கொண்டு, கண்ணில் பட்டவர்களையெல்லாம் மெல்லிய குரலில் கேலி பண்ணிக்கொண்டு போவோம். அவர் மேயரான பிறகு எனக்கு மறுபடி வேண்டியிருந்தது அந்த இடம் ஒன்றுதான். நகைநட்டு கேட்டிருந்தால்கூடக் கிடைத்திருக்கும்.

மேயரின் மாதம் நம்முடைய மாதம் மாதிரி ஓடுவதில்லை. சபைக் கூட்டம் ஒரு நாள். அன்றைக்குத் தொண்டை கட்டிப்போய் வருவார். பௌர்ணமிப் போயா வந்தால் பௌத்தப் பன்சலையில் தானம். அங்கே காவியுடை ஹாமுதுருமார் முன்னால் சம்மணம் கட்டி உட்கார வேண்டும், முழங்கால் வலியை முகத்தில் காட்டக் கூடாது. கடைசிச் சனிக்கிழமை டெங்கு ஒழிப்புச் சிரமதானம். மண்வெட்டியோடு போட்டோ எடுத்த உடனே மற்றப் பெரியவர்கள் கை கழுவப் போய்விடுவார்கள். என்னவர் போட்டோவுக்குப் பிறகும் சாக்கடைக் கானுக்குள் நின்று சேறு அள்ளுவார். இதற்கு நடுவே கல்யாணப் பதிவுக்குச் சாட்சிக் கையெழுத்து, செத்த வீட்டில் நாலு வார்த்தை, சொஃப்ட்போல் இறுதியாட்டத்துக்குக் கிண்ணம், ஏதாவது ஒரு ஒழுங்கைக்குக் கொங்கிரீட் போட்டால் அதற்கு ரிப்பன். நோன்பு மாதத்தில் பள்ளிவாசல், மாசியில் அம்மன் தேர். வஹகோட்டைக் கத்தோலிக்கக் கோயில் பக்கம் எங்கள் எல்லையே இல்லை. ஆனாலும் திருவிழாவுக்குக் கூப்பிடுவார்கள், இவரும் போவார்.

"அது உங்க ஏரியாவே இல்லையே" என்று ஒருமுறை கேட்டேன்.

"கூப்பிடுறவங்களுக்கு அது தெரியாதா? தெரிஞ்சும் கூப்பிடுறாங்கன்னா பிரியத்துல கூப்பிடுறாங்க. போகாம இருக்க முடியுமா?" என்றார். பிரியத்துக்கு எதிராக நான் என்ன வாதாடுவது?

போகிற இடமெல்லாம் சாப்பாடு வேறு. பன்சலையில் ஒரு துண்டு பால்சோறு, பள்ளிவாசலில் ஒரு கோப்பை கஞ்சி, கல்யாண வீட்டில் கேக், செத்த வீட்டில் கோப்பி. ஒரு வாய் வைக்காவிட்டால் கொடுத்தவர்கள் மனம் நோகும் என்பார். ஒவ்வொரு வாயாக ஊர் முழுக்கச் சாப்பிட்டுவிட்டு இரவு வந்து, நான் மூடிவைத்த சோற்றைத் திறந்து பார்த்து, "வாசமா இருக்கு" என்று சொல்லிவிட்டு மறுபடி மூடுவார். அந்தப் பாராட்டைக் கேட்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சபை ஜீப்பில் முன் சீட் அவருடையது. மேயர் முன்னால் உட்கார்ந்தால்தான் ரோட்டில் போகிற ஜனங்களுக்குக் கை காட்டலாம். நான் பின்னால், பொன்னாடைகளுக்கும் வாடிய மாலைகளுக்கும் நடுவில். ஒவ்வொரு விழாவும் முடிந்து கதவைச் சாத்தியதும் டிரைவரிடம் அதே கேள்வி: "அடுத்து எங்க?"

டிரைவருக்கு எல்லாம் மனப்பாடம். "சேர், பன்சலை." "சேர், ஆஸ்பத்திரிக்குப் பின்னுக்கு ஒரு செத்த வீடு." நான் பின் சீட்டில் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பேன். 'சேர், வீட்டுக்கு' என்று டிரைவர் சொல்வதற்குள் பாதி நாள் நான் தூங்கிப்போயிருப்பேன்.

இப்படி ஓடினால் எந்த இடத்துக்குத்தான் நேரத்துக்குப் போக முடியும்? மூன்று மணி விழாவுக்கு அஞ்சு மணிக்குப் போவார். மயிலாகவும் மானாகவும் வேஷம் போட்ட பிள்ளைகள் அம்மாமார் மடியில் தூங்கி வழியும். அதனால் அவருடைய எல்லாப் பேச்சுக்கும் தொடக்கம் ஒன்றுதான்: "மொதல்ல, தாமதத்துக்கு மன்னிக்கணும். அஞ்சு எடத்துக்குப் போயிட்டு வர்றேன்." சிங்களத்திலும் அப்படியே சொல்வார். கூட்டமும் உடனே மன்னித்துவிடும். எங்கள் மகளின் பள்ளிக்கூடப் பரிசளிப்புக்கும் பிந்தித்தான் வந்தார், இதையேதான் சொன்னார், அவளுக்குப் பரிசையும் அவரே கொடுத்தார். அவள் இன்று கொழும்பில் குடும்பமாக இருக்கிறாள். 'அப்பா எனக்குப் பரிசு கொடுக்கவில்லை, மேயர்தான் கொடுத்தார்' என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். எனக்கு அது முழுசாகச் சிரிப்பாக இல்லை.

பிறகு சபையின் காலம் முடிந்தது. அடுத்த முறை இவர் தேர்தலில் நிற்கவில்லை, வேறொருவர் மேயரானார். ஜீப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்து வந்தார். ஒருவழியாக ஆள் எனக்கே எனக்கு என்று நான் நினைத்தேன். அன்றைக்கு வாழைப்பூ வறை, பருப்பு, பாகற்காய் என்று பார்த்துப் பார்த்துச் சமைத்தேன். சாப்பிட்டார், நன்றாகவே சாப்பிட்டார்.

ஆனால் காலையில் எழுந்ததும் குளித்து, நான் அயர்ன் பண்ணிய வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கேட் தெரிகிற மாதிரி முன் அறையில் உட்கார்ந்துவிடுவார். கடையை அவருடைய தம்பி பார்த்துக்கொள்கிறார், அங்கே போய் உட்கார்ந்தால் இடைஞ்சல் என்று இவருக்கு எண்ணம். ரோட்டில் ஏதாவது வண்டி வேகம் குறைத்தால் கை தானாகச் சட்டைக் கொலரைச் சரிசெய்யும். முதல் மாதம் டெலிபோன் அடித்தது. அடுத்த மாதம் கொஞ்சம் அடித்தது. அப்புறம் கொழும்பிலிருந்து மகள் மட்டும் பேசினாள்.

மாதச் சுற்று மட்டும் அவருக்குள் நிற்கவே இல்லை. "இன்னைக்குப் போயா. பன்சலையில இந்நேரம் பால்சோறு வெட்டியிருப்பாங்க" என்பார். கடைசிச் சனியன்று, "இந்த மாசம் எந்தப் பக்கம் கான் துப்புரவு பண்றாங்களோ" என்பார். வெள்ளிக்கிழமை சாமி அறையில் விளக்கேற்றச் சொன்னால் ஒரு திரியை மட்டும் ஏற்றிவிட்டு, மெழுகுதிரியைப் பிடித்தபடி ஒரு அடி பின்னால் எடுத்து வைத்துத் திரும்புவார். விழாவில் அப்படித்தானே, முதல் திரி மேயருக்கு, அடுத்தது அடுத்த பெரியவருக்கு. திரும்பினால் அங்கே முந்தானையில் கை துடைத்துக்கொண்டு நான் நிற்பேன். ஒரு நிமிஷம் என்னை யாரோ மாதிரிப் பார்ப்பார். பிறகு அவரே மிச்சத் திரிகளையும் ஏற்றுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன். "என்னங்க, கண்டிக்குப் போயிட்டு வருவோமா? சும்மா."

"போகலாம். ஆனா ஞாயித்துக்கெழம. யாராச்சும் தேடி வந்தா வீட்டுல ஆள் இருக்கணுமே" என்றார்.

யாரும் வரவில்லை. அன்று பின்னேரம் முழுக்க அவர் முன் அறையில் இருந்தார், நான் குசினியில் இருந்தேன். ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு ஒருவருக்காக இப்படி ஏங்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஜீப்பில் பின் சீட்டிலிருந்து அவருடைய பிடரியையாவது பார்த்துக்கொண்டு போனேன். அதுவே தேவலை என்று தோன்றியது. இந்த மனுஷனை யாராவது ஒரு விழாவுக்குக் கூப்பிடக் கூடாதா, ஒரே ஒரு மாலை போடக் கூடாதா என்று, விழா என்றாலே வெறுத்துப்போயிருந்த நான் அம்மனிடம் போய் நின்று வேண்டிக்கொண்டேன்.

மார்க்கெட்டில் ஒருநாள் எங்கள் ரோட்டுப் பாலர் பாடசாலை டீச்சரைப் பார்த்தேன். வாயைத் திறந்து கேட்க மனம் வரவில்லை. ஆனால் அவராகவே கேட்கட்டும் என்று பக்கத்திலேயே நின்றேன். தம்புள்ளையிலிருந்து வந்த தக்காளியின் விலையை இரண்டு தரம் பேசினோம். அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். மறுநாள் வெற்றிலைத் தட்டோடு வீட்டுக்கு வந்துவிட்டார்.

"சேர், எங்க புள்ளைங்களோட கலைவிழா. ரெண்டாம் சனி மூணு மணிக்கு. நீங்கதான் வந்து நடத்திக் குடுக்கணும்."

இவர் கொஞ்சம் யோசித்தார். "ரெண்டாம் சனியா? அன்னைக்கு கிரவுண்ட்ல ஸ்போர்ட்ஸ் மீட் இருக்குமே. புது மேயர் அங்க போகணும். அதனாலதான் இங்க வர ஏலாதுன்னு சொல்லியிருப்பாரு, இல்லையா டீச்சர்?"

டீச்சர் முகம் சிவந்துவிட்டது. "ஆமாங்க சேர். மொதல்ல அவங்ககிட்டதான் கேட்டோம்."

"அப்படித்தானே கேக்கணும். அவருதானே மேயர்" என்று சொல்லி, இரண்டு கையாலும் வெற்றிலையை வாங்கிக்கொண்டார். எனக்குத்தான் சுருக்கென்றது. அவர் அன்றிரவு கூடுதலாக ஒரு கரண்டி சோறு கேட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கே சட்டை மாட்டிவிட்டார். "இன்னும் நேரம் கெடக்கு" என்றேன். காதில் விழவில்லை. ரோட்டுக் கடைசியில் இருக்கிற மண்டபத்துக்கு நடந்து போனோம். கதவு பூட்டியிருந்தது. மேயராக இருந்தவரை, பூட்டிய மண்டபம் எப்படி இருக்கும் என்று அவர் பார்த்ததே இல்லை. படியில் நின்றோம். வெயிலில் அவர் நெற்றி வேர்த்தது, துடைத்துவிடக் கையைத் தூக்கிவிட்டு, ரோடு என்பதால் இறக்கிக்கொண்டேன்.

சாவியோடு ஓடி வந்த டீச்சருக்கு எங்களைப் பார்த்ததும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "ஐயோ சேர், அஞ்சு மணிக்கு வருவீங்கன்னு நெனச்சோமே" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். இவர் சட்டைக் கையை மடித்துவிட்டு, அடுக்கியிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்க ஆரம்பித்தார். நானும் இறக்கினேன். முதல் வரிசையில், பெண்கள் பக்கத்து ஓரத்தில் ஒரு நாற்காலியை அவர் கையாலேயே போட்டு, ஆடுகிறதா என்று அமுக்கிப் பார்த்துவிட்டு, "இது ஒனக்கு" என்றார். எந்த விழாவிலும் நான் எங்கே இருக்கிறேன் என்று அவர் கவனித்ததே இல்லை என்று நினைத்திருந்தேன்.

விழா சொன்ன நேரத்துக்குத் தொடங்கியது. மயில் பிள்ளைகள் விழித்திருந்தார்கள். இவர் மைக் முன்னால் போய் நின்று வணக்கம் சொன்னார்.

"மொதல்ல, தாமதத்துக்கு மன்னிக்கணும். அஞ்சு எடத்துக்குப்..."

அங்கேயே நின்றுவிட்டார். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். அம்மாமார் பக்கத்தில் சிரிப்புக் கிளம்பியது, பொல்லாத சிரிப்பு இல்லை, பழகியவர்களின் சிரிப்புத்தான். நான் சிரிக்கவில்லை. இறங்கி வந்துவிடுவாரோ என்று நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். அவர் கூட்டத்தைப் பார்த்தார், பிறகு ஓரத்தில் இருந்த என்னைப் பார்த்தார்.

"இல்ல" என்றார். "இன்னைக்கு இந்த ஒரு எடம்தான்."

அதற்குமேல் நன்றாகப் பேசினார். மயிலைப் பற்றி ஒரு வேடிக்கை சொன்னார், பிள்ளைகள் கத்தினார்கள். கடைசிப் பாட்டு வரைக்கும் உட்கார்ந்திருந்தார். பாதியில் எழும்பி, கும்பிட்டுக்கொண்டே வெளியேற அவருக்கு ஒரு காரணமும் இல்லை. டீச்சர் பொன்னாடை போர்த்திக் கேக் பெட்டி ஒன்றும் கொடுத்தார். நான் கீழேயிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்த மேடைக்காரரைத்தான் நானும் தேடியிருக்கிறேன் என்பது அங்கே உட்கார்ந்திருக்கையில்தான் எனக்கு விளங்கியது.

வெளியே வந்தபோது தூறல் பிடித்துவிட்டது. வாசலில் பழைய இடத்தில், ஜீப் வந்து நிற்கிற இடத்தில், அவர் போய் நின்றார். யாரையும் பார்க்காமல் வழக்கம்போலக் கேட்டார்:

"அடுத்து எங்க?"

"வீட்டுக்குத்தாங்க" என்றேன்.

டிரைவருக்கு ஆட்டுகிற மாதிரியே தலையை ஆட்டினார். மழைக்காக நான் கை காட்டி ஒரு த்ரீவீலரை நிறுத்தினேன். அவர் நேரே முன்பக்கம் போனார். அங்கே டிரைவர் உட்காருகிற இடத்தைத் தவிர வேறு சீட் கிடையாது. குனிந்து பார்த்தார், கொஞ்ச நேரம் நின்றார், பிறகு சுற்றி வந்து எனக்குப் பக்கத்தில் ஏறினார். கேக் பெட்டி அவர் மடியில், பொன்னாடை என் மடியில். வண்டி ஒரு குழியில் இறங்கி ஏறியபோது தோள் இடித்தது.

"கொஞ்சம் தள்ளி ஒக்காரு" என்றார்.

நான் தள்ளவில்லை.