இடிப் பேய்கள் குற்றாலம் வந்த சாயங்காலம்

அண்ணன் வீட்டைவிட்டுப் போனபோது எனக்கு ஒன்பது வயது. போனான் என்றுதான் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டோம். உண்மையில் அப்பா போகச் சொன்னார். எண்பதுகளின் தொடக்கம் அது. திருவனந்தபுரத்துக் கல்லூரிக்கு அனுப்பியிருந்த பிள்ளை ஒன்றரை வருடமாக ஒரு பரீட்சையும் எழுதவில்லை என்று கடிதம் வந்துவிட்டது.

அப்பா தென்காசியில் போலீஸ் ஏட்டு. முகத்தைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடிப்பவர் என்று ஊரில் பெயர் வாங்கியவர். சொந்த மகன் சொன்ன பொய்யை அவருக்குத் தபால்காரர் வந்து கொடுக்க வேண்டியிருந்தது. அண்ணன் அங்கே சில பையன்களோடு சேர்ந்து இங்கிலீஷ் பாட்டுக்கு டிரம்ஸ் அடித்துக்கொண்டு அலைகிறான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டார். "கொட்டடிக்கதுக்காலே உன்னை அங்கன அனுப்புனேன்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். பிறகு வாசலைக் காட்டினார். அவ்வளவுதான் நடந்தது. சத்தம் இல்லை, அடி இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே அவன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு வீட்டில் அவன் பெயரை யாரும் சொல்லவில்லை.

அடுத்த ஆடியில் சாரல் நன்றாக இறங்கியிருந்தது. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சுவரெங்கும் புது போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளை முகங்கள் நாலு. கண்ணைச் சுற்றி கரி. ஒருவன் நாக்கைத் தொங்கப் போட்டிருந்தான். பாட்டுக் குழுவின் பேர் இங்கிலீஷில் இருந்தது. நோட்டீஸ் அச்சடித்தவர் நம் ஜனங்களுக்குப் புரியட்டும் என்று கீழே 'இடிப் பேய்கள்' என்று மொழிபெயர்த்துப் போட்டிருந்தார். ஐந்தருவி போகிற சாலையில் சீசனுக்காகப் போட்டிருந்த தகரக் கொட்டகையில், சாயங்காலம் ஐந்து மணிக்கு.

என் வகுப்பில் அன்றைக்கு வேறு பேச்சே இல்லை. மேடையிலேயே உயிர்க்கோழியைக் கடிப்பார்களாம். சவப்பெட்டிக்குள்ளே இருந்து எழுந்து வருவார்களாம். வாயிலிருந்து தீ வருமாம். கொல்லத்தில் இவர்கள் ஆடியதைப் பார்த்து ஒரு கிழவருக்கு மூச்சு நின்றுவிட்டதாம். இதையெல்லாம் சொன்னவள் கொல்லம் எங்கே இருக்கிறது என்று தெரியாதவள். ஊர்ப் பெரியவர்கள் சிலர் காவல் நிலையத்தில் மனுக் கொடுத்தார்கள். அதனால், ஏதாவது ஏடாகூடமாக நடந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும் என்று சொல்லி, பந்தோபஸ்துக்கு அப்பாவையே போட்டார்கள்.

நிகழ்ச்சி அன்று காலையில் அம்மா அப்பாவிடம், "நானும் பிள்ளையும் வாரோம். சாரல்ல ஒரு தடவ குளிச்சாப்புல இருக்கும்" என்றாள்.

"அங்கன பேய்க்கூத்துலா நடக்கப் போகுது" என்றார் அப்பா.

"நடந்துட்டுப் போகுது. நாங்க ஒரு ஓரமா இருந்து பாத்துட்டு வாரோம்."

அம்மா சினிமாவுக்குக்கூடப் போகப் பிரியப்படாதவள். எனக்கு இதெல்லாம் உறைக்கவில்லை. அருவிக்குப் போகிறோம் என்ற ஒன்றே எனக்குப் போதுமாக இருந்தது.

குளித்துவிட்டு ஈரத் தலையோடு கொட்டகைக்குப் போனோம். உள்ளே எண்ணெய் வாடையும் ஈரத்துண்டு வாடையும் கலந்து நின்றன. அருவிக்கு வந்த கூட்டம் அப்படியே இங்கே ஒதுங்கியிருந்தது. சாரலுக்கு ஒதுங்க இடம் வேண்டும், கூடவே இரண்டு சினிமாப் பாட்டும் கிடைத்தால் நல்லது என்று வந்தவர்கள்தான் முக்கால்வாசிப் பேர். அம்மா பெண்கள் பக்கம் இரண்டாவது வரிசையில் இடம் பிடித்தாள். ஓரமாக இருப்போம் என்று சொன்னவள் நடுவில் போய் உட்கார்ந்தாள்.

திரை விலகியது. முதலில் புகை வந்தது. அந்தப் புகைக்கு அவர்கள் வைத்திருந்த ஏற்பாடு எளிமையானது. மேடையின் பின்னால் நாலு இரும்புச் சட்டியில் கங்கு போட்டு, சாம்பிராணியை அள்ளிக் கொட்டி, ஒரு மின்விசிறியை வைத்து எங்கள் பக்கம் ஊதினார்கள். கொட்டகை முழுக்க சாம்பிராணி மணம். முன்வரிசையில் இருந்த இரண்டு பெண்கள் பழக்கதோஷத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

புகைக்குள்ளிருந்து கிதாரோடு இரண்டு பேர் வந்தார்கள். ரெக்சினில் தைத்த கறுப்புச் சட்டை, கழுத்தில் மாட்டுச் சங்கிலி, முகத்தில் அந்த வெள்ளை. பின்னால் உயரத்தில் டிரம்ஸ் அடிப்பவன் இருந்தான். நடுவில் சவப்பெட்டி. பாட்டுக்காரன் அதற்குள்ளிருந்துதான் எழுந்து வர வேண்டும். கிதார்கள் அலறின, டிரம்ஸ் இடித்தது, பெட்டி மட்டும் திறக்கவில்லை. ஊர் ஊராக வேனில் கொண்டுபோன மரம் குற்றாலத்துச் சாரலில் ஊறி உப்பிவிட்டது. உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு பேய் கிதாரைக் கீழே வைத்துவிட்டு மூடியை இழுத்தது. பிறகு இரண்டு பேய்கள் இழுத்தன. கொட்டகையே சிரித்தது. நானும் விழுந்து விழுந்து சிரித்தேன்.

ஆனால் டிரம்ஸ் அடிப்பவன் நிறுத்தவில்லை. மற்றவர்கள் பெட்டியோடு மல்லுக்கட்டும்போது அவன் தனியாக அடித்துக்கொண்டே இருந்தான். அப்போதுதான் அவனைக் கவனித்தேன். தலையை வலதுபக்கம் சாய்த்து, கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, இடதுகையை ஓங்கி ஓங்கி அடித்தான். எங்கள் வீட்டில் சோற்றுக்கு இடதுகையை நீட்டி அம்மாவிடம் அடி வாங்குகிறவன் ஒருவன்தான். குடத்தைக் கவிழ்த்துப் போட்டு இப்படியே தலையைச் சாய்த்துத் தட்டுகிறவனும் அவன்தான்.

என் சிரிப்பு நின்றுவிட்டது. அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியவில்லை என்று நினைத்தேன். மேடைப் படிக்கட்டின் பக்கத்தில் லத்தியோடு நின்ற அப்பாவையும் பார்த்தேன். அவர் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் தெரியவில்லை. இந்தக் கொட்டகையில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

ஒருவழியாகப் பெட்டி திறந்தது. பாட்டுக்காரன் இருமிக்கொண்டே வெளியே வந்து கத்தத் தொடங்கினான். அதுதான் பாட்டு என்று யாருக்கும் பிடிபடவில்லை.

"ஏலே, சினிமாப் பாட்டுப் படிலே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

அதன்பின் பல குரல்கள். கடலைத் தொலி பறந்தது, வாழைப்பழத் தோல் பறந்தது. சிரிப்பு எந்த நொடியில் கோபமாக மாறியது என்று தெரியவில்லை. ஒரு செருப்பு வந்து டிரம்ஸ் மேல் விழுந்தது. அடுத்த செருப்பு அண்ணனின் முகத்தில் பட்டது. வெள்ளைப் பூச்சு கன்னத்தில் இழுபட்டு, உள்ளே இருந்த மாநிறம் ஒரு பட்டையாகத் தெரிந்தது. அவன் அப்போதும் நிறுத்தவில்லை. துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிய ஏழெட்டுப் பேர் மேடையை நோக்கி நகர்ந்தார்கள். ஒருவன் கையில் சோடா பாட்டில் இருந்தது.

அப்பா படியேறி மேடைக்குப் போனார். கையைத் தூக்கி, "நிறுத்துங்க! போதும், நிறுத்துங்க!" என்றார். கிதார்கள் நின்றன. டிரம்ஸும் தயங்கியது. கலைத்து அனுப்பிவிடலாம் என்று அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும். ஆனால் சத்தம் அடங்கினால் அந்த ஏழெட்டுப் பேரும் மேலே ஏறிவிடுவார்கள் என்று எனக்கே தெரிந்தது.

அந்த நேரத்தில் என் பக்கத்தில் ஒரு கூச்சல் எழுந்தது. அடிவயிற்றிலிருந்து வந்த நீளமான கூச்சல். எங்கள் தெரு முப்பிடாதியம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் சாமியாடிகள் போடுவார்களே, அதே கூச்சல். யார் என்று திரும்பினேன். அம்மா எழுந்து நின்றாள். ஈரத் தலைமுடி அவிழ்ந்து முகத்தில் கிடந்தது. உடம்பு நடுங்கியது.

அம்மாவுக்கு அதற்கு முன் ஒரு நாளும் சாமி வந்ததில்லை. கொடையில் கூட்டத்துக்குப் பின்னால் நின்று கும்பிட்டுவிட்டு, அடுப்பில் உலை வைத்திருக்கிறேன் என்று முதல் ஆளாகத் திரும்பிவிடுபவள் அவள்.

பெண்கள் விலகி வழிவிட்டார்கள். அம்மா ஆடிக்கொண்டே மேடைக்கு ஏறினாள். டிரம்ஸ் பக்கம் கையை நீட்டி, "நிறுத்தாத! அடி!" என்றாள்.

அண்ணன் அடித்தான். முதலில் அவனுக்குத் தெரிந்த இங்கிலீஷ் அடியையே அடித்தான். அம்மாவின் கால்கள் அதற்குச் சேரவில்லை. இரண்டு மூன்று சுற்றில் அவன் கை தானாக மாறியது. கொடையில் நையாண்டி மேளக்காரர்கள் அடிக்கிற அடிக்கு வந்துவிட்டது. அந்தப் பெரிய டிரம்ஸில் அதை அடித்தபோது தகரக் கூரை அதிர்ந்தது. வெளியே குடைபிடித்துப் போனவர்கள்கூட உள்ளே வந்தார்கள். கிதாரோடு நின்ற பேய்களும் பாட்டுக்காரப் பேயும் பயந்துபோய்க் கைகட்டி நின்றன.

அம்மா திரும்பி, மேடையின் விளிம்பில் கால் வைத்திருந்தவர்களைப் பார்த்தாள்.

"எம் பிள்ளை மேல எவம்லே கை வைக்கது?"

சாமிக்கு எல்லாரும் பிள்ளைகள்தான். யாரும் வேறுமாதிரி எடுத்துக்கொள்ளவில்லை. சோடா பாட்டில் வைத்திருந்தவன் அதை மெல்லக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். ஒரு வயசாளி முன்னால் வந்து, "யாருத்தா வந்திருக்கது? முப்பிடாதியா?" என்று கேட்டார். அம்மா சாம்பிராணிச் சட்டியின் ஓரத்திலிருந்து ஆறிய சாம்பலை அள்ளினாள். ஒவ்வொரு பேயாகக் கூப்பிட்டு நெற்றியில் பூசினாள். கடைசியாக அண்ணனிடம் போனாள். அவன் நெற்றியில் வைத்த கையை அவள் உடனே எடுக்கவில்லை. பிறகு அப்படியே சரிந்து உட்கார்ந்தாள்.

அப்பா தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு கையையும் கூப்பி நின்றார். சாமி வந்தால் எல்லாரும் கும்பிடுவார்கள்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

கூட்டம் அமைதியாகக் கலைந்தது. ஆனாலும் வழியில் யாராவது வேனை மறித்துவிடக் கூடாது என்று சொல்லி, அப்பா முன்சீட்டில் ஏறிக்கொண்டு செங்கோட்டை தாண்டும்வரை கூடவே போனார். திரும்பி வந்ததும் அம்மா தண்ணீர் கொடுத்தாள்.

"நாலு பேரும் பெயிண்டைக் கழுவவே இல்ல. அப்படியே உக்காந்து வந்தானுவ" என்றார். தண்ணீரைக் குடித்துவிட்டு, "பார்டர்ல இட்லி வாங்கிக் குடுத்தேன். நல்லாச் சாப்பிட்டானுவ" என்றார்.

அம்மா காலிச் செம்பை வாங்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். ரகசியத்தைக் காப்பாற்றுவது நான்தான் என்ற பெருமையில் நான் வாயைத் திறக்கவில்லை.

அந்தத் தீபாவளிக்கு அண்ணன் வீட்டுக்கு வந்தான். தலைமுடியை வெட்டியிருந்தான். அப்பா அவனைப் பார்த்து, "குளிச்சிட்டு வா, சாப்பிடலாம்" என்றார், நேற்று வெளியூர் போய் இன்று திரும்பியவனிடம் சொல்வதுபோல. இடிப் பேய்கள் இன்னும் ஒரு வருடம் ஊர் ஊராகப் போய்ச் செருப்படி வாங்கிவிட்டு, வேன் அச்சு முறிந்த இடத்தில் கலைந்துவிட்டதாகப் பிறகு அவன் சொன்னான். ஆனால் டிரம்ஸை விடவில்லை. எர்ணாகுளத்தில் கச்சேரிக் குழுக்களில் வாசித்துத்தான் கல்யாணம் பண்ணினான், வீடு கட்டினான்.

பேய்கள் கலைந்த பிறகும் அம்மாவுக்கு வந்த சாமி கலையவில்லை. குற்றாலத்தில் பேய்களை அடக்கிய ஏட்டையா வீட்டம்மா என்று சுற்று வட்டாரத்தில் பெயர் பரவிவிட்டது. வெள்ளிக்கிழமை விடிந்தால் வாசலில் ஆள் நிற்கும். குத்துக்கல்வலசையிலிருந்து காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கீழப்பாவூரிலிருந்து, மகளுக்கு வரன் அமையவில்லை என்று வருவார்கள். அம்மா திருநீறு பூசி, "சரியாயிரும். டாக்டர்ட்டயும் ஒரு எட்டுக் காட்டிரு, என்னா" என்பாள். ஒவ்வொரு கொடையிலும் அவளை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மேளம் ஏற ஏற எல்லாரும் அவள் முகத்தையே பார்ப்பார்கள். அவள் ஆடினாள். இப்போது வரவில்லை என்று சொன்னால் அந்தச் சாயங்காலம் வந்ததும் பொய் என்று ஆகிவிடும்.

எனக்குக் கல்யாணமான பிறகு ஒருநாள் தைரியமாகக் கேட்டேன். "எம்மா, அன்னைக்கு நெசமாவே சாமி வந்துச்சா?"

அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "வந்துச்சோ, வரலையோ. அவன் அடிச்சது நல்லாத்தானட்டி இருந்துச்சு" என்றாள்.

சாமி வந்த உடம்பு என்பதால் அம்மா மீன் சாப்பிடக் கூடாது என்று தெருப் பெரியவர்கள் சொல்லியிருந்தார்கள். சாளை மீன் குழம்பு என்றால் அம்மாவுக்கு உயிர். சட்டியில் ஒட்டியதைக்கூடச் சோற்றைப் போட்டு வழித்துச் சாப்பிடுவாள். குற்றாலம் போய்வந்த மறுவாரம் அப்பா சாளை வாங்கி வந்தார். அம்மா வழக்கம்போல் தேங்காய் அரைத்து ஊற்றிக் கொதிக்கவிட்டு, எங்களுக்குப் பரிமாறிவிட்டு, தன் தட்டில் மோரை ஊற்றிக்கொண்டாள். அவள் பங்கு இரண்டு மீனும் என் தட்டுக்கு வந்தன. இனிமேல் எல்லா வாரமும் இப்படித்தான் என்று அம்மா சொன்னபோது, நான் சந்தோஷத்தில் கைதட்டினேன்.