கிருஷ்ணராசா ஒரு பக்கத்தைப் பார்த்த கதை

லண்டனின் மோர்டனில் கிருஷ்ணராசாவுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருப்பதாக யாரும் சொன்னதில்லை. சொல்ல அவர் இடம் கொடுத்ததும் இல்லை. ஜெர்மனியிலிருந்து லண்டனுக்கு வந்து மேசை, கதிரை விற்கும் தளபாடக் கடை நடத்தியவர். 2009 வைகாசியில் இலங்கையில் போர் முடிந்த செய்தி கேட்டு லூயிஷாம் கோயிலில் எல்லோரும் பேச்சிழந்து நின்றபோதும் அவரிடம் ஒரு விளக்கம் இருந்தது. அந்தக் கோடையில் கடையை விற்றார். அன்றிலிருந்து விளக்கங்கள் முழுவதையும் கேட்கும் பாக்கியம் மனைவி தயாளினிக்குக் கிடைத்தது.

தயாளினி பொறுத்துப் பார்த்துவிட்டு, மத்தியகால ஐரோப்பிய ஓவிய ஏடுகளைப் பற்றிய சனிக்கிழமை வகுப்பில் அவரைச் சேர்த்துவிட்டார். இருந்த வகுப்புகளில் அதுதான் ஆக நீளமானது.

ஏடுகள் கன்றுத்தோலில் எழுதப்பட்டவை என்று தெரிந்ததும் சுத்த சைவரான கிருஷ்ணராசா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். எதையும் தொடக்கூடாது என்று சொல்லவிருந்த ஆசிரியை எலினர், இவ்வளவு பண்பான மாணவரைத் தான் கண்டதில்லை என்றார். கிருஷ்ணராசா மறுக்கவில்லை.

வகுப்பின் விதி எளியது. ஒரே பக்கத்தை ஒரு மணி நேரம் பார்க்க வேண்டும். கண்ணில் படுவதை மட்டும் சொல்ல வேண்டும், பொருள் சொல்லக்கூடாது. அவருக்குக் கிடைத்தது ஒரு சிறிய செபப் புத்தகத்தில் மாதாவையும் குழந்தை யேசுவையும் வரைந்த பக்கம். எலினர் கதிரையில் அமருவதற்குள் கிருஷ்ணராசா பேசத் தொடங்கினார். தங்கப்பூச்சு அரசனின் செருக்கு, நீலம் வானம், குழந்தை எதிர்காலம் என்று முழுப் பக்கத்தையும் தீர்த்துவைத்தார்.

"குழந்தையின் கையில் என்ன இருக்கிறது?" என்று எலினர் கேட்டார்.

கிருஷ்ணராசா குனிந்து பார்த்தார். ஒரு குருவி. அதன் காலில் மயிரிழை போல ஒரு நூல். ஓரத்தில், நத்தையைக் கண்டு வாளைப் போட்டுவிட்டு மண்டியிட்ட போர்வீரன் ஒருவன். இவ்வளவு நேரமும் இவை எங்கே இருந்தன என்று அவருக்குத் திகைப்பாக இருந்தது. மாதாவின் முகம் மட்டும் கரைந்து மங்கியிருந்தது.

"ஈரம் பட்டிருக்கிறது. கவனமில்லாமல் வைத்திருக்கிறார்கள்," என்றார்.

"ஈரம்தான். புத்தகத்துக்கு உரியவர் நாள்தோறும் அந்த முகத்தை முத்தமிட்டிருக்க வேண்டும்."

கிருஷ்ணராசா வகுப்பு முடிந்த பிறகும் அந்த முகத்தைப் பார்த்தபடி நின்றார்.

வீட்டில் தயாளினி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். கிருஷ்ணராசா அவரையே பார்த்தார்.

"எப்ப தொடக்கம் கண்ணாடி போடுறீர்?"

"நீங்கள் கடை விக்கிறதுக்கு முந்தியே."

"புருவத்துக்கு மேல ஒரு தழும்பு கிடக்கு."

"ஜெர்மனியில நீங்கள் திறந்த அலுமாரிக் கதவு பட்டது."

"நொந்ததே?"

"இப்ப கேக்கிறியள்."

அதன்பின் அவர் எல்லாவற்றையும் பார்க்கத் தொடங்கினார்: தோசையின் கருகிய ஓரம், திரைச்சீலையின் தையல், தொலைபேசியில் தங்கச்சியோடு பேசும் தயாளினி. விளக்கம் சொல்பவருக்குக் காதைக் கொடுக்காமல் இருந்துவிடலாம். பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதரை என்ன செய்வது?

அடுத்த தவணை வகுப்புக்கும் அவருடைய பெயரைப் பதியப் போன தயாளினி, என்ன நினைத்தாரோ, தனக்கும் ஓர் இடம் எடுத்தார். கதிரைகள் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டாம் என்று சொல்லிவைத்தார்.