பிப்ரவரியில் வந்த சுவாதி

மாடியில் யார் யார் இருந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கார சார், ரயில்வேயில் ரிடையர் ஆனவர். அவர் சம்சாரம், அவரை நாங்கள் அம்மா என்போம். என் மச்சான் ஏழுமலை, என் வீட்டுக்காரியின் ஒரே தம்பி, என்னோடு கொத்து வேலை பார்த்தவன். நாலாவது நான்.

பேய், பிசாசு, ஜோசியம் எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆறாவதோடு படிப்பை விட்டவன். ரசமட்டம் வைத்து, குமிழ் நடுவில் நின்றால் நம்புவேன், இல்லாவிட்டால் இல்லை. நீங்கள் நம்பாமல் போனாலும் எனக்குக் கோபம் வராது.

தொண்ணூறுகளின் கடைசி. மாடம்பாக்கத்தில் அந்த வீட்டைக் கட்டியதே நான்தான். அமெரிக்காவில் இருந்த சாரின் பையன் கம்ப்யூட்டர் வைத்த டெலஸ்கோப் ஒன்று அனுப்பியிருந்தான். அது ஆடாமல் நிற்க மாடியில் ஒரு செங்கல் தூண் எழுப்பி, மேலே கடப்பா கல் பதித்துக் கொடுத்தேன். அம்மாவுக்கு மார்ச்சில் நெஞ்சில் ஆபரேஷன். பிழைப்பது பாதிக்குப் பாதி என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்குள் சனி கிரகத்தின் வளையத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. படியேறக் கூடாது. அதனால் நானும் ஏழுமலையும் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனோம். பிப்ரவரி ஐந்தாம் தேதி, சாயங்காலம் மணி ஏழு.

அந்த மெஷினுக்குத் தேதியும் நேரமும் சொல்ல வேண்டும். அதுவே ஒரு நட்சத்திரத்தைத் தேர்ந்தெடுத்து அந்தப் பக்கம் திரும்பும். நாம் கண் வைத்துப் பார்த்து, நட்சத்திரத்தை நடுவுக்குக் கொண்டுவந்து பட்டனை அமுக்க வேண்டும். இப்படி ஒன்றுக்கொன்று தள்ளி இருக்கிற இரண்டு நட்சத்திரத்தைக் காட்டிக் கொடுத்தால் மீதி வானத்தை அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். இரண்டு முளை அடித்து நூல் கட்டுகிற வேலைதான். எனக்குப் புரிந்தது.

சாருக்குக் கை நடுங்கும். பட்டனை நான்தான் அமுக்கினேன்.

"தேதி கேக்குது பாரு. அஞ்சு, ரெண்டு" என்றார். அப்படியே போட்டேன்.

மெஷின் முனகிக்கொண்டு திரும்பி, கிழக்கே தென்னைக்கு மேலே நின்றது. சார் பார்த்தார். "சுவாதி. என்ன ஒரு ஆரஞ்சு!" என்றார். அம்மா பார்த்து, "குங்குமப்பூ கலர்ல இருக்கு" என்றார். நான் பார்த்தேன். இருந்தது. பிறகு ஏழுமலை.

"இன்னா மாமா, ஒண்ணுமே இல்ல. கும்மிருட்டா கீது."

"ஒரு கண்ண மூடிக்கினு பாருடா."

"மூடிக்கினுதான் பாக்கறேன். ரெண்டையும் மூடுனா இன்னும் நல்லாத் தெரியுமோ?"

அம்மா சிரித்துவிட்டார். அப்போதுதான் சார் தலையைத் தூக்கி, குழாய் காட்டுகிற பக்கம் வெறும் கண்ணால் பார்த்தார். நானும் பார்த்தேன். அங்கே நட்சத்திரம் எதுவும் இல்லை. குனிந்து குழாயில் பார்த்தால் இருக்கிறது, நிமிர்ந்தால் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், மூன்று தடவை குனிந்து நிமிர்ந்தேன்.

"சுவாதி இந்த நேரத்துக்கு வரக் கூடாதே. பத்து மணிக்கு மேலதானே வரும்" என்றார் சார். என் கையில் இருந்த பட்டன் பெட்டியைப் பார்த்தார். "மேஸ்திரி, இது அமெரிக்கா மெஷின்யா. மாசத்த முதல்ல கேக்கும். நீ மே ரெண்டுன்னு போட்டிருக்க."

மெஷினை அணைத்தோம். குழாய் அசையவில்லை, அதே இடத்தைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. மறுபடி ஒவ்வொருவராகப் பார்த்தோம். நாலு பேருக்கும் இருட்டு.

"நான் அப்பவே சொன்னேன்ல" என்றான் ஏழுமலை.

சரியான தேதி போட்டதும் வேறு இரண்டு நட்சத்திரம் கேட்டது, காட்டினோம். அப்புறம் சனிக்குப் போனது. அம்மா வளையத்தைப் பார்த்தார். சார் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "மே மாச வானத்த இவ பாத்துட்டா மேஸ்திரி. அப்ப மே மாசம் இவ இருப்பா."

அவருக்கு அது தைரியம். எனக்கு வீட்டுக்குப் போகிற வழியில்தான் உறைத்தது. சைக்கிளில் பின்னால் உட்கார்ந்துகொண்டு ஏழுமலை, "உங்க மூணு பேருக்கும் தெரிஞ்சுது, எனக்கு மட்டும் இருட்டு. கண்ணாடி போடணும்போல மாமா" என்று சிரித்துக்கொண்டே வந்தான். அவன் கண் எனக்குத் தெரியும். பூச்சில் மயிரளவு வெடிப்பு இருந்தால் தரையில் நின்றே சொல்லிவிடுவான்.

மறுநாளிலிருந்து அவனைச் சாரத்தில் ஏறவிடவில்லை. கலவை கலக்கப் போட்டேன்.

"என்ன சித்தாளாக்கிட்டியா மாமா? பொம்பளைங்கள்லாம் சிரிக்கறாங்க" என்று சண்டை போட்டான். இரண்டு நாள் வேலைக்கே வரவில்லை. என் தம்பிக்கு என்ன குறை என்று வீட்டுக்காரி கேட்டாள். மே இரண்டாம் தேதி தாண்டட்டும், நான் பைத்தியக்காரன் என்று எல்லோரும் சிரிக்கட்டும் என்று இருந்தேன். எனக்குத் தூக்கம் போய்விட்டது.

மார்ச்சில் அம்மா பிழைத்து வந்தார்.

நான் சாரத்தைக் காவல் காத்தேன். வந்தது மஞ்சள் காமாலை. ஏப்ரலில் ஏழுமலை ஒன்பது நாள் படுத்தான். போய்விட்டான்.

மே இரண்டாம் தேதி சார் ஆள் அனுப்பினார். போக மனமில்லை, ஆனாலும் போனேன். அம்மா தானே படியேறி வந்தார். சார் அதே தேதியைப் போட்டார். குழாய் கிழக்கே அதே தென்னைக்கு மேலே போய் நின்றது. சுவாதி. இப்போது வெறும் கண்ணுக்கும் தெரிந்தது. அதே ஆரஞ்சு.

"பையன் டிசம்பர் இருபது வரான். அந்த வானத்தையும் பாத்துருவோம்" என்றார் சார்.

"வேணாம் சார்."

"என்ன மேஸ்திரி, பயமா?"

நடுங்குகிற விரலாலேயே பன்னிரண்டு, இருபது என்று அமுக்கினார். குழாய் கிழக்கிலேயே கொஞ்சம் உயர்ந்து, எதுவும் இல்லாத இடத்தில் நின்றது. அம்மா குனிந்தார். "இருக்குங்க! செவப்பா இருக்கு."

"அது ரோகிணி" என்றார் சார்.

நான் குனிந்தேன். இருந்தது.

கடைசியாக சார். ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அவர் கை கடப்பா கல்லைத் தடவிக்கொண்டிருந்தது.

"தெரியுதாங்க?" என்றார் அம்மா.

"தெரியுது, தெரியுது."

அம்மா கீழே இறங்கியதும் சார் என்னைக் கேட்டார். "ஏழுமலை அன்னிக்கு என்ன சொன்னான்?"

"கும்மிருட்டா கீதுன்னான் சார்."

தலையை ஆட்டினார். "அவகிட்ட சொல்லாத" என்று சொல்லி மெஷினை அணைத்தார்.

பையனால் டிசம்பர் வரை காத்திருக்க முடியவில்லை. ஆவணியிலேயே வரவேண்டியதாயிற்று, கொள்ளி வைக்க.

தூண் இன்னும் நிற்கிறது. வெள்ளையடிக்கப் போகும்போதெல்லாம் அம்மா அதைத் தொட்டுப் பார்த்துச் சொல்வார், சாருக்குக் கடைசி வரைக்கும் கண் நன்றாகத் தெரிந்தது, ரோகிணியை அன்றைக்கு நாம் மூன்று பேரும் பார்த்தோமே என்று. நான் ஆமாம் என்பேன்.

மாடியில் மூன்று பேர் இருந்தோம். பார்த்தது இரண்டு பேர்.