மலையேறிய கடல் தண்ணீர்

கண்ணுகளா, நம்ம மலையூர் மஞ்சக்குட்டையில் கடலைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் நிறையப் பேர் உண்டு. நான் கடலைக் கொஞ்சம் மொண்டு மேலே கொண்டுவந்தேன். அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன்.

காலை ஆறு மணி, கடலூர் கடற்கரை. என் கையில் ஒரு ஐஸ் பெட்டி. அதற்குள் மூத்த மகள் தேன்மொழி ஆவியில் வேகவைத்துச் சுத்தம் செய்து கொடுத்த கண்ணாடி பாட்டில். ஏற்காட்டில் காலேஜில் நுண்ணுயிர் பாடம் படிக்கிறாள். கடல் தண்ணீரில் இருக்கும் பாக்டீரியாவில் ஒரே ஒரு வகையைத் தனியாகப் பிரித்து வளர்த்துக் காட்டினால்தான் அவள் கடைசி வருடம் முடியும். இரண்டு முறை யாரிடமோ சொல்லித் தண்ணீர் வரவழைத்தாள். வெயிலில் கிடந்து வந்த தண்ணீர். பாக்டீரியா வளர்க்கும் தட்டு முழுக்க எல்லாம் கலந்து ஒரே படலமாகப் படர்ந்து வீணாகிவிட்டது. இன்னொரு தடவைக்கு நேரமில்லை. அவளுக்குப் பரீட்சை, அதனால் நான் கிளம்பினேன்.

"அப்பா, மூடியத் தண்ணிக்குள்ள வெச்சுத் தொறந்து, தண்ணிக்குள்ளயே மூடோணும். அப்புறம் நான்தான் தொறக்கோணும்" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

இடுப்பளவு தண்ணீரில் நின்று அப்படியே செய்தேன். வலை உதறிக்கொண்டிருந்த ஒருவர், "மூடியோட முக்குறீங்களே, காத்தையா புடிக்கப் போறீங்க?" என்று சிரித்தார். கடல் உப்பு என்று சொன்னால் என் சின்ன மகள் நம்பமாட்டாள். அவள் நாக்கில் வைத்துக் காட்ட ஒரு சோடா பாட்டிலிலும் பிடித்துக்கொண்டேன்.

ஏழு மணிக்கு பஸ். சேலம் ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர். விருத்தாசலம் தாண்டியதும் வெயில் ஏறியது. துண்டை நனைத்துப் பெட்டியைப் போர்த்தி மடியில் வைத்துக்கொண்டேன். ஆத்தூரில் எல்லோரும் இறங்கி டீ குடித்தார்கள். நான் இறங்கவில்லை.

ஒரு மணிக்குச் சேலம். கூல்டிரிங்ஸ் கடையில் கேட்டு ஐஸை மாற்றினேன். மலைப்பாதையில் மண் சரிந்து வேலை நடப்பதால் பஸ் குப்பனூர் வழியாகச் சுற்றிப் போகும் என்றார்கள். ஐஸ் தாங்க வேண்டுமே என்ற கவலை எனக்கு.

அன்றைக்கு அமாவாசைக்கு மறுநாள். மலை பஸ்ஸில் பக்கத்து சீட்டில், எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கும் ஒரு அம்மா. மணல் ஒட்டிய என் காலைப் பார்த்தார்.

"ஏனுங்க, கடலாடிட்டு வர்றீங்களா? பொட்டில தீர்த்தமுங்களா?"

"கடல் தண்ணிதானுங்க."

"ஊட்ல மருமவ மாசமா இருக்கா. ஒரு சொட்டுக் குடுங்க, தெளிச்சுக்கறோம்."

"இதத் தொறக்கக் கூடாதுங்க."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "நாங்க தொட்டாத் தீட்டாயிருமுங்களா?"

பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "அய்யோ, அப்படி இல்லீங்க. காத்துப் பட்டாலே கெட்டுப்போயிரும். புள்ளையோட படிப்புங்க இது."

"காத்துக்குமா தீட்டு?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

பையிலிருந்த சோடா பாட்டிலை எடுத்தேன். "இதுவும் அதே கடல்தானுங்க. இத எடுத்துக்குங்க."

உள்ளங்கையில் ஊற்றித் தன் தலையில் தெளித்தார். எனக்கும் தெளித்தார். முன் சீட்டுக்காரர் தலையை நீட்டினார். கண்டக்டர், "எனக்கும் ரெண்டு சொட்டுப் போடுங்க, இன்னைக்கு வளைவெல்லாம் நல்லபடியாத் திரும்பட்டும்" என்றார். மிச்சத்தை அந்த அம்மா மருமகளுக்கு என்று பாட்டிலோடு முந்தானையில் சுற்றிக்கொண்டார்.

நாலு மணிக்கு ஏற்காடு. தேன்மொழி காலேஜ் வாசலிலேயே நின்றிருந்தாள். பெட்டியைத் திறந்து பாட்டிலைத் தொட்டுப் பார்த்தாள். "ஜில்லுன்னு இருக்குதுப்பா" என்றாள். அதற்குப் பிறகுதான் எனக்குப் பசித்தது.

ஒரு சொட்டை அப்படியே தட்டில் விட்டால் பாக்டீரியா நெருக்கியடித்து முளைக்குமாம். சுத்தமான உப்புத் தண்ணீரில் அதை நீர்க்கக் கலந்தாள். உப்புச் சேர்த்த அகார் என்ற கூழை வட்டத் தட்டுகளில் உறையவைத்திருந்தாள். அதன்மேல் கண்ணாடிக் கம்பியால் தடவி மூடினாள். கடலில் இருப்பதில் பெரும்பாலானவை தட்டில் முளைக்கவே முளைக்காதாம்.

சில நாள் கழித்துச் சின்னவளையும் கூட்டிக்கொண்டு போனேன். தட்டில் கடுகு கடுகாகப் புள்ளிகள்: வெள்ளை, மஞ்சள், ஓரத்தில் ஒரே ஒரு ஆரஞ்சு. ஒவ்வொரு புள்ளியும் ஒரே பாக்டீரியா பெருகிய கூட்டமாம். மெல்லிய உலோகக் கம்பி ஒன்றைத் தீயில் பழுக்கக் காட்டி, ஆறவிட்டு, அந்த ஆரஞ்சை மட்டும் தொட்டுப் புதுத் தட்டில் கோடு கோடாக இழுத்தாள் தேன்மொழி. இழுக்க இழுக்க எண்ணிக்கை குறைந்து, கடைசிக் கோட்டில் தனித்தனியாக விழுமாம். ராகியும் சாமையும் கலந்து கிடக்கிற முறத்தில் சாமையை மட்டும் பொறுக்குகிற வேலைதான். அடுத்த வாரம் அந்தத் தட்டில் ஆரஞ்சு மட்டுமே இருந்தது. "இதாம்பா" என்றாள். சின்னவள், "கடல் தொட்டுக்கவா?" என்று கேட்டு அக்காவிடம் திட்டு வாங்கினாள்.

பிறகு ஜீப் ஸ்டாண்டில் அந்த அம்மாவைப் பார்த்தேன். "உங்க தண்ணி நல்லா இருக்குதுங்களா?" என்றார்.

"முளைச்சிருச்சுங்க" என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

யோசித்தார். "அப்ப எந்தலைல தெளிச்சதுலயும் அது இருந்துதுங்களா?"

"இருந்திருக்குமுங்க."

தலையை ஒருமுறை தடவிக்கொண்டார். "இருக்கட்டும். அத்தன தூரத்துல இருந்து மலையேறி வந்த உசுரு. நம்மூட்லயும் ரெண்டு தங்கிட்டுப் போகுது."