மாலை போட்ட காற்றுப்பை

1998, விஜயதசமி. காலை ஆறரை மணிக்கு மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டிலிருந்து எலஹங்கா பஸ். டிக்கெட் ஐந்து ரூபாய். ஜன்னலோர இடம் லதாவுக்கு. என்னோடு பி.எஸ்ஸி. கடைசி வருடம் படிப்பவள், அல்சூர்க்காரி. அவளுடைய மாமா ஒரு பறக்கும் சங்கத்தில் உறுப்பினர். இருவர் மட்டுமே உட்காரும் மைக்ரோலைட் விமானத்தில் எங்களுக்கு ஆளுக்கொரு சுற்று ஏற்பாடு செய்திருந்தார். எனக்கு அப்படி மாமா யாரும் இல்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆளே நான்தான்.

பறக்கப்போகிறேன் என்று ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்து முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். மேலிருந்து வீடு தெரிய வேண்டுமென்று அம்மா தன் சிவப்புச் சேலையை மொட்டைமாடிக் கம்பியில் கட்டுவதாகச் சொல்லியிருந்தாள். பறக்காமல் திரும்பினால் தலைகாட்ட முடியாது.

எலஹங்கா தாண்டி இறங்கி, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இரண்டு கிலோமீட்டர் மண்பாதையில் நடந்தோம். மைதானத்தில் முந்தின நாள் ஆயுத பூஜையின் மிச்சம் அப்படியே கிடந்தது. சக்கரத்தடியில் நசுங்கிய எலுமிச்சம்பழம், விமானத்தின் மூக்கில் சந்தனம். கம்பத்தின் உச்சியில் காற்றின் திசை காட்டும் ஆரஞ்சு நிறத் துணிப்பை. அதன் வாயைச் சுற்றியும் யாரோ கனமான சாமந்தி மாலை போட்டிருந்தார்கள்.

"அதுவும் ஆயுதம் தானேம்மா" என்று சிரித்தார் விமானி. கன்னடக்காரர், எல்லோரும் அவரைக் கேப்டன் என்றார்கள். "யாரு ஃபர்ஸ்ட்?"

நான் வாயைத் திறப்பதற்குள் லதா ஹெல்மெட்டை மாட்டிவிட்டாள். "மாமா பேர்லதானடி புக்கிங்?"

அந்த ஹெல்மெட் அவளுக்குப் பொருந்தித் தொலைத்தது. பின்னால் சுழலும் விசிறி இழுத்துவிடும், துப்பட்டாவைக் கழற்றி வை என்று கேப்டன் என்னிடம் சொன்னார். கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, என் முறைக்காக நின்றேன். துணி இறக்கை கட்டிய ஸ்கூட்டர் மாதிரி அது ஓடி எழும்பியது. என் வயிறு எரிந்தது.

அவர்கள் திரும்பி வரும் நேரம் கிழக்கிலிருந்து காற்று கிளம்பியது. துப்பட்டா கையைவிட்டுப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. கம்பத்தைப் பார்த்தேன். பை அசையாமல் தொங்கியது. விமானம் தெற்கேயிருந்து தாழ்ந்து வந்துகொண்டிருந்தது. ஓடுபாதை ஓரத்துக்கு ஓடி, துப்பட்டாவின் ஒரு முனையைப் பிடித்து உயரத் தூக்கினேன். அது பட்டென்று மேற்கே விரிந்தது.

தலைக்கு மேலே வந்த விமானம் உறுமிக்கொண்டு மறுபடி ஏறியது. அடுத்த முறை ஒரு பக்கம் சாய்ந்தபடி இறங்கி, ஒற்றைச் சக்கரத்தில் துள்ளி, புல்லுக்குள் ஓடி நின்றது. முன்சக்கரம் வளைந்துபோனது. இருவருக்கும் பெரிய அடி இல்லை.

கேப்டன் வந்து கம்பத்தை அண்ணாந்து பார்த்தார். "மாலை பாரத்துல ஆடவே இல்ல பாரு. காத்தே இல்லன்னு நேரா எறங்கிருந்தா, சைடு காத்து ரெக்கையத் தூக்கிக் கவுத்திருக்கும். உன் துப்பட்டாவால ஸ்வல்பத்துல, வெறும் சக்கரத்தோட போச்சும்மா."

லதா மூச்சு வாங்கினாள். "சீக்கிரம் எறங்குன்னு நீ ஆட்டுறேன்னு நெனச்சேன்டி. பொறாமை புடிச்சவன்னு திட்டினேன்."

"பொறாமைதான். ஆனா அதுக்கு ஆட்டல" என்றேன்.

"என் ரவுண்டு?" என்று கேப்டனைக் கேட்டேன்.

"சக்கரம் இல்லாம எங்கம்மா போறது? சரி பண்றேன், காத்தும் அடங்கட்டும். அப்புறம் வா. நீதான் ஃபர்ஸ்ட்."

பஸ்ஸில் லதா வாய் ஓயவில்லை. முழங்கைச் சிராய்ப்பை மூன்று முறை காட்டினாள். அந்தச் சிராய்ப்புகூட எனக்கு வேண்டியிருந்தது.

"எங்கம்மா சேல தெரிஞ்சுதா?"

"உங்க பக்கமெல்லாம் ஒரே புகைடி."

கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

"பறந்தேன்னே சொல்லிடு. நான் காட்டிக்குடுக்க மாட்டேன்" என்றாள்.

"நீ ஒண்ணும் எனக்குப் பிச்சை போட வேணாம்."

சந்து முனையில் பக்கத்து வீட்டு முனியம்மா அக்கா பிடித்துக்கொண்டார். "இன்னாடி, பறந்தியா? அண்ணாந்து பாத்து கழுத்தே சுளுக்கிக்கிச்சு!"

"இல்லக்கா. அவதான் பறந்தா."

மாடியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் சிவப்புச் சேலை மேற்கே நீட்டிப் படபடத்துக்கொண்டிருந்தது.

"அவுத்துடட்டுமா?" என்றாள்.

"இருக்கட்டும்மா. காத்து எப்ப அடங்குதுன்னு பாக்கணும்."