பேட்டைக்கு மிஞ்சிய கூடாரம்

இஞ்செரா ரொட்டிக்காரி எதாகென் இறந்த செய்தி கோழி கூவும் நேரத்துக்கு வந்தது. தெமிஸேவ் ஒற்றைக் காலில் செருப்பை மாட்டிக்கொண்டு தகரக் கொம்பைத் தேடினார்.

அடிஸ் அபாபாவில் அவர் பேட்டையின் சாவுச் சங்கத்துக்கு அவர்தான் கொம்பூதி. ஊதிப் பெயரைச் சொன்னால் போதும், ஆட்கள் கூடாரத்தையும் பெஞ்சுகளையும் தூக்கிவந்து துக்க வீட்டு வாசலில் போட்டுவிடுவார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் ராஜா மலையடிவாரத்தில் பாளையம் இறங்கியபோது சேணம் தைப்பவர்கள் கூடாரம் அடித்த சரிவு அந்தப் பேட்டை. கூடாரம் மண்சுவராயிற்று, சுவருக்குத் தகரக்கூரை வந்தது, யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே தார்ச்சாலை ஓடியது. போன வருஷம் எல்லாவற்றையும் இடித்து வானளாவிய கட்டிடங்கள் எழுப்பத் தொடங்கினார்கள். சனங்களுக்குக் குலுக்கலில் ஊரின் நாலு ஓரத்திலும் அடுக்குமாடி வீடுகள் கிடைத்தன.

"ராஜா கூடாரத்துல ஆரம்பிச்சாரு, நாம திரும்பக் கூடாரத்துக்கே வந்துட்டோம்" என்று தெமிஸேவ் சிரிப்பார். பேட்டையின் பெயர் சங்கத்துக் கூடாரத் துணியில் மட்டும்தான் மிச்சம். தூக்க ஆளில்லை, இந்தச் சாவோடு சங்கத்தைக் கலைத்துவிடலாம் என்று செயலாளர் சொல்லியிருந்தார். தெமிஸேவ் கொம்போடு, பேட்டை ஆட்கள் குடியேறிய அடுக்குமாடிப் பக்கம் போகும் மினிபஸ்ஸில் ஏறினார்.

மினிபஸ்ஸிலிருந்து இறங்கினால் எல்லாக் கட்டிடமும் ஒரே அச்சு. இருட்டில் ஒன்றின் கீழே நின்று ஊதினார்.

"எதாகென் போயிட்டா. இஞ்செரா சுடுவா, வாயால நம்மளையும் சுடுவா. அடக்கத்துக்கு வாங்க."

மூன்றாவது மாடியிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

"யாரு பெரியவரே எதாகென்?"

"சேணக்காரர் பேட்டையில இருந்துக்கிட்டு எதாகெனைத் தெரியாதா?"

"நாங்க ரயிலடி ஆளுங்க. எங்க பேட்டையையும் இடிச்சாச்சு."

தெமிஸேவ் கொம்பைக் கக்கத்தில் ஒளித்துக்கொண்டு நழுவப் பார்த்தார்.

"நில்லுங்க. இங்க வந்ததுலேருந்து எங்களை ஒருத்தரும் சாவுக்குக் கூப்பிடல. கூடாரம் எங்க இருக்கு?"

அசகெதெச் என்ற அந்தப் பெண் தட்டாத கதவில்லை. முகம் தெரியாத எதாகெனுக்காக ரயிலடிக்காரர்கள் கழிகளைச் சுமந்தார்கள். துக்கத்தின் மூன்றாம் நாள் காப்பி வறுக்கும் புகையில், எதாகென் யார் யாரைத் திட்டினாள் என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். செயலாளர் கலைப்பதைப் பற்றி வாயெடுத்தார். அவர் கையில் கோப்பையைத் திணித்து உட்காரவைத்தார்கள்.

மறுவாரம் தெமிஸேவ் நீலச் சாயம் வாங்கிவந்து, கூடாரத் துணியில் 'சேணக்காரர் பேட்டை' என்ற பெயருக்குக் கீழே 'ரயிலடி' என்று எழுத உட்கார்ந்தார். முதல் எழுத்து முடிவதற்குள் அசகெதெச் ஆட்களோடு வந்துவிட்டாள். மகனுக்குக் கல்யாணமாம், கூடாரம் உடனே வேண்டுமாம்.

ஈரத்தோடே சுருட்டிக்கொண்டு போனார்கள். அப்புறம் கூடாரம் ஓய்ந்து கிடக்கவேயில்லை; பழைய பெயருக்குக் கீழே இன்னும் அந்த ஓர் எழுத்துதான் இருக்கிறது.